பச்சைப் புள்ளி தானாக ஓடவில்லை

மார்ச் 4, திங்கள்

இன்றும் மூன்று மணி நேரம் இருட்டறையில், மைக்ராஸ்கோப் முன்னால். பூஞ்சையின் நூல் போன்ற செல்லுக்குள் பெராக்சிசோம்கள் என்னும் நுண்ணுறுப்புகள், அதாவது என் பச்சைப் புள்ளிகள், சும்மா கிடந்து திடீரென்று ஓடுகின்றன. பார்த்துக்கொண்டே இருந்தால் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துபோகிறது. அவை தாமாகவே ஓடுகின்றன என்று எட்டு மாதமாகச் சொல்லி வருகிறேன். வெள்ளிக்கிழமை பேராசிரியர் தலையசைத்தால் ஆய்வேடு எழுத ஆரம்பிக்கலாம்.

அம்மா போனில், "இன்னுமா அந்தப் புள்ளியவே பாத்துட்டிருக்க?"

ஆமாம்மா.

மார்ச் 5

பக்கத்து மேசைச் சிடுமூஞ்சி எண்டோசோம்களுக்கு, அதாவது செல்லுக்குள் ஓடும் சிறு பைகளுக்கு, சிவப்புச் சாயம் ஏற்றுகிறவள். போன வருடம் நான் பூஞ்சை வளர்த்த தட்டைக் குப்பையில் போட்டாள். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. மைக்ராஸ்கோப் அவளுக்குக் காலையில், எனக்கு மதியம்.

மார்ச் 6, புதன்

என்ன காரியம் செய்தேன்! சாயக் குப்பிகள் எல்லாமே வெளிச்சம் படாமல் வெள்ளித்தாள் சுற்றியவை. செல்லின் கருவைக் காட்டும் என் நீலச் சாயத்துக்குப் பதில் அவளுடைய சிவப்பை என் தட்டில் ஊற்றிவிட்டேன்.

தட்டைத் தூக்கிப் போடுவதற்கு முன் சும்மா ஒரு பார்வை. சிவப்பு எண்டோசோம் ஒன்று மிதந்து வந்தது. பச்சையைத் தொட்டது. இரண்டும் சேர்ந்தே போயின. பாதி வழியில் சிவப்பு விலகியதும் பச்சை அங்கேயே நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப இதேதான். பச்சை எதுவுமே தனியாக ஓடவில்லை. என் புள்ளிகள் ஓசிச் சவாரி போகின்றன!

அப்போ எட்டு மாசமா நான் சொன்னதெல்லாம்? அழுகை வந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை, அவ்வளவு அழகு.

மார்ச் 7

மைக்ராஸ்கோப்பில் நேற்றுப் பதிவான படத்தை அழித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? — எனக்குத் தெரியுமே.

அவளிடம் போனேன். "தெரியாம உன் சாயத்த எடுத்துட்டேன்." முறைத்தாள். படத்தைக் காட்டினேன். மறுபடி ஓட்டச் சொன்னாள், மறுபடியும்.

"என்னோடது சிலது மட்டும் ஏன் மெதுவா போகுதுன்னு மண்டைய உடைச்சிட்டிருந்தேன். உன் மூட்டைய சுமந்துட்டா போகுது?"

அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

மார்ச் 8, வெள்ளி

"நான் சொன்னது தப்பு சார்." படத்தை ஓட்டிக் காட்டினேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப முதல்லேருந்து பாருங்க. இன்னும் ஒரு வருஷம் ஆகும்."

ஒரு வருஷம். அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்?

மார்ச் 12

மைக்ராஸ்கோப் பதிவேட்டில் காலை, மதியம் இரண்டு கட்டத்தையும் சேர்த்து ஒரே கோடு. அவள் கையெழுத்து: 'பச்சையும் சிவப்பும்.'

இருட்டறையில் இரண்டாவது நாற்காலி போட்டிருந்தது.