கடல் பக்கத்துப் படுக்கை

அத்தான்,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சிரித்து முடித்ததும் மற்றதைப் பேசலாம். போன வாரம் ஒருநாள் காலையில் குப்பை போட வெளியே வந்தேன். இடுப்பில் கைலி, மேலே குளிருக்கு உங்கள் பழைய ஆபீஸ் கோட்டு. அபார்ட்மெண்ட் வாசலில் மஞ்சள் ஸ்கூல் பஸ் நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தது. திறந்த கதவு வழியாக அந்த வாசனை வந்தது. சூடேறின ரெக்சின், டீசல், எப்போதோ சிந்தின பால். கடைசிப் பிள்ளை ஏறினதும் என் கை என்னைக் கேட்காமலே போய் பஸ்ஸின் விலாவில் ரெண்டு தட்டு தட்டியது. வாயும் சேர்ந்துகொண்டு "போலாம், ரைட்!" என்று கூவியது.

டிரைவரம்மா மூடின கதவைத் திரும்பத் திறந்து என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "ஸாரி மேடம், பழக்கதோஷம்" என்றேன். அதற்கு இங்கிலீஷில் என்னவென்று இன்னும் தெரியவில்லை. இப்போது அந்தப் பிள்ளைகள் எனக்கு 'ரைட் அங்கிள்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்குள் வந்த பிறகும் அந்த வாசனை மூக்கை விட்டுப் போகவில்லை. ஒன்றுதான் குறைச்சல். நம் பஸ்ஸில் இதோடு வெங்காயம் வதங்குகிற வாசனையும் இருக்கும்.

இல்லாமல் எப்படி? நீங்கள் அந்தப் பஸ்ஸை வாங்கினபோது பிளெய்ன்ஸ்பரோவில் உங்கள் அபார்ட்மெண்ட்டில் நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் சமைத்துக்கொண்டிருந்த ஓட்டலின் பின்பக்கம், எங்கள் புகைபோக்கிக்கு நேர் கீழே இடம் கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்கு ஓடி ஓய்ந்த குட்டி பஸ். மஞ்சளாகவே ஓட்டினால் போலீஸ் பிடிக்கும் என்று நீலப் பெயிண்ட் அடித்தீர்கள். பெயிண்ட் பத்தாமல் பின்பக்கம் மட்டும் மஞ்சளாக நின்றுவிட்டது. அக்கா அதை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏங்க, கம்ப்யூட்டர்காரருன்னு சொல்லித்தான் எங்கப்பா என்னைக் கட்டிக் குடுத்தாரு. இப்பம் டிரைவர் வேலைக்குப் போறியளா?"

நீங்கள் என்னிடம் திரும்பினீர்கள். "கடல் ஓரமாவே எறங்குதோம் மாப்ள. ஃப்ளோரிடா கடைசி முனை வரைக்கும். இந்த நாட்டுக்கும் ஒரு கன்னியாகுமரி இருக்கு, பாத்துக்க."

ஊர் பார்க்கவா பஸ் வாங்கினீர்கள்? உள்விஷயம் எனக்குத் தெரியும். மீனுவுக்குக் கலிஃபோர்னியாவில் காலேஜ் சீட் கிடைத்திருந்தது. பக்கத்திலேயே படி என்றீர்கள் நீங்கள். அவள் ஒரு சொல் பேசாமல் கலிஃபோர்னியாவுக்குச் சம்மதம் எழுதி அனுப்பிவிட்டாள். அன்றைக்கு நின்றது பேச்சு. அப்பாவும் மகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு, ஊறுகாய் பாட்டிலை நகர்த்துவதற்குக்கூட என்னைத் தூது விட்டீர்கள். ஊரில் தாய்மாமன் என்றால் சீர் கொண்டுவருகிறவன். இங்கே நான் ஊறுகாய் கொண்டுபோகிறவன்.

கோடை முடிந்தால் அவள் விமானம் ஏறிவிடுவாள். இப்படி வாய் பூட்டிக்கொண்டே போய்விட்டால் பிறகு அந்தப் பூட்டை யார் திறப்பது என்று உங்களுக்குப் பயம். பயமாக இருக்கிறது என்று சொல்ல வராது உங்களுக்கு. பஸ் வாங்க வந்தது. "ஓடுத பஸ்ல யாரும் ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்க முடியாதுல்லா" என்று ஒருநாள் ஸ்பேனரோடு சொன்னீர்கள்.

ஜெர்சி சிட்டியில் பேங்க் கம்ப்யூட்டர் வேலை முடித்து ரயிலில் வந்து இறங்கினதும் டையைக்கூடக் கழற்றாமல் பஸ்ஸுக்குள் நுழைவீர்கள். சீட்டுகளைப் பிடுங்கினோம். பலகை அறுத்துப் படுக்கைகள் செய்தோம். எனக்குச் செய்தது ஒரு பெஞ்சு, அதைப் படுக்கை என்று சொன்னது உங்கள் பெருந்தன்மை. அக்காவின் பழைய நைலக்ஸ் சேலை ஜன்னல் திரையானது. அவள் தன் பங்குக்குக் குக்கர், இட்லிச் சட்டி, மாவுத் தூக்கு எல்லாம் எங்கே உட்காரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஆளுங்க உக்காருத எடத்தை முதல்ல பாப்போம்" என்றதற்கு மூன்று வேளை முகம் கொடுக்கவில்லை.

எல்லாவற்றிலும் நேர்த்தியாக நீங்கள் செய்தது மீனுவின் படுக்கைதான். தெற்கே போகும்போது கடல் இடது பக்கம் வரும் என்று மேப்பை வைத்துக் கணக்குப் போட்டு, இடது ஜன்னலை ஒட்டி அமைத்தீர்கள். அவளை நிற்கவைத்து அளவெடுக்க முடியாதே, பேசுவதே இல்லையே. என்னைப் படுக்கவைத்தீர்கள். "நீ கட்டைதான் மாப்ள, ஒன் தலைக்கு மேல ஒரு சாண் விட்டா அவ அளவு." நான் படுத்துக் கிடந்தேன், நீங்கள் பென்சிலால் கோடு கிழித்தீர்கள். தலையணை வைக்கும் இடத்தில் படுத்துத் திரும்பிப் பார்த்தால் ஜன்னல் நேராகக் கண்ணுக்கு வந்தது. அப்போது அதில் தெரிந்தது எங்கள் குப்பைத்தொட்டி.

ஆனால் இந்தப் படுக்கையில் படுக்க வேண்டியவளிடம் யாரும் இன்னும் கேட்கவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் நீங்கள் மேப்பை விரித்தீர்கள். அக்கா தட்டுகளை எடுக்காமலே நின்றாள். மீனு நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ள, அவ வாறாளான்னு கேளு."

"மீனு, அப்பா கேக்காங்க. பஸ்ல வாறியாம்மா?"

அவள் மேப்பைப் பார்த்தாள். நீங்கள் சிவப்பு மையால் கரையோரம் இழுத்த கோட்டை விரலால் கொஞ்ச தூரம் தொடர்ந்தாள். தோளைக் குலுக்கினாள். "டெல் ஹிம் ஐம் டவுன், மாமா" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.

டவுன்.

நீங்களும் கேட்டீர்கள், நானும் கேட்டேன். நமக்குத் தெரிந்த இங்கிலீஷில் பஸ்ஸுக்கும் டவுனுக்கும் ஒரே சம்பந்தம்தான். 'கெட் டவுன்' என்றால் இறங்கு. வண்டி கிளம்பும் முன்னாலேயே பிள்ளை இறங்கிவிட்டாள். உங்கள் முகத்தை நான் பார்க்காமல் மேப்பைப் பார்த்தேன். நீங்கள் அதை மடித்தீர்கள். பழைய மடிப்பில் மடியாமல் அது முரண்டு பிடித்தது. மூன்று தரம் பிரித்து மடித்தீர்கள். "சரி. அவளுக்குப் பிரியமில்ல" என்றீர்கள். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே என்ன என்று கேட்டாள். கட்டைவிரலைக் கீழே காட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் பஸ்ஸுக்குள்ளிருந்து இரும்புச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அந்தப் படுக்கையின் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள்.

"அத்தான், கெடக்கட்டுமே. கடைசி நேரத்துல மனசு மாறினா?"

"வராதவளுக்கு என்னத்துக்குவே படுக்கை? இந்த எடத்துல தண்ணி டிரம் வெச்சா ஒங்க அக்காவுக்காவது ஆகும்."

எப்போதும் மாப்ள என்கிற ஆள் 'வே' போட்டால் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். நின்றேன். ஒரு போல்ட்டு இறுகிப்போய் வர மறுத்தது. அதோடு நீங்கள் சண்டை போட்ட மாதிரி நான் பார்த்ததில்லை. பலகையை வெளியே சாய்த்துவைத்துவிட்டு, நீல டிரம்மை உருட்டிவந்து அதே இடத்தில் நிறுத்தி, ஓட்டல் குழாயிலிருந்து ஹோஸ் இழுத்து, ஒழுகுகிறதா என்று பார்க்க விளிம்பு வரை நிரப்பினீர்கள். அந்த வாரம் பூராவும் உங்கள் வீட்டில் ஊறுகாய்கூட நகரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான் குழம்புக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தபோது பின்வாசலில் மீனு வந்து நின்றாள். கையில் தலையணை. இன்னொரு கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் இருட்டில் மினுங்குகிற ஸ்டிக்கர் நட்சத்திரங்கள். பஸ் கூரையில் ஒட்டப் போகிறாளாம். நான் வாயைத் திறப்பதற்குள் ஏறிவிட்டாள்.

ஒரு சத்தமும் இல்லை. அதுதான் என்னை அடுப்பை விட்டு ஓடவைத்தது. அவள் டிரம்முக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீரில் அவள் முகம் ஆடியது.

"வேர்ஸ் மை பெட்?"

"மீனும்மா..."

"ஹி டுக் இட் அவுட்." கண் நிறைந்துவிட்டது. "பிகாஸ் ஐம் கோயிங் டு கலிஃபோர்னியா. ஹி டஸன்ட் வான்ட் மீ, மாமா."

தலையணையைக் கட்டிக்கொண்டு இறங்கி ரோட்டைப் பார்த்து நடந்தாள். நான் கையில் கரண்டியோடு பின்னாலேயே ஓடினேன். எதிரே சாப்பிட வந்த ஒரு குடும்பம் ஒதுங்கி வழிவிட்டது. கரண்டியோடு ஒருவன் ஒரு பெண்ணைத் துரத்தினால் என்ன நினைத்திருப்பார்கள்!

"நில்லு ஏட்டி! நீதான வரலன்னு சொன்ன?"

"ஐ செட் ஐம் டவுன்!"

"அதத்தான் நானும் சொல்லுதேன். எறங்கிட்டன்னுதான அர்த்தம்?"

அவள் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "மாமா. டவுன் மீன்ஸ் யெஸ். டவுன் மீன்ஸ் ஐ வான்ட் டு கோ."

"ஏறுததுக்கு எறங்குதேன்னு சொல்லுத பாஷை என்ன பாஷைட்டி?"

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் நிற்கவில்லை. சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள். அப்போதுதான் உங்கள் கார் உள்ளே திரும்பியது.

நான் சேதி சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் சொல்லவில்லை. இந்த ஒரு சேதியையும் நானே சுமந்துகொண்டுபோய்க் கொடுத்தால், இதற்குப் பிறகும் நானேதான் சுமக்க வேண்டியிருக்கும் என்று தோன்றியது. "எனக்கு வெங்காயம் கருகுது. அவ கிட்ட நீங்களே கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். நிஜமாகவே கருகித்தான் போயிருந்தது.

சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ்ஸுக்குள் டிரம்முக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நீங்கள். அவள் மறுபடி இறங்கிவிடுவாளோ என்று கரண்டியைக் கீழே வைக்காமலே நின்றேன். அவள் என்னவோ சொன்னாள். நீங்கள் நெற்றியில் அடித்துக்கொண்டீர்கள். பிறகு ஒரு வாளியை எடுத்து டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு ஜன்னல் வழியாக வெளியே ஊற்றினீர்கள். அவளும் ஒரு சட்டியை எடுத்தாள். நிறைந்த டிரம்மை யாராலும் நகர்த்த முடியாது. தண்ணீர் தீருகிற வரைக்கும் ரெண்டு பேரும் அங்கேதான் இருந்தாக வேண்டும். நான் போய் ஒத்தாசை செய்யவில்லை. குழம்புக்குப் புதிதாக வெங்காயம் நறுக்கினேன். முதலாளி வந்து பார்த்து, எதற்குக் கண் கலங்குகிறது என்று கேட்கவில்லை. சமையல்காரனுக்கு அது ஒரு வசதி.

அதற்குப் பிறகு டவுன் உங்கள் வாய்க்கு வந்துவிட்டது. காபி வேண்டுமா என்றால் டவுன். கோயிலுக்குப் போவோமா என்றால் டவுன். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். மீனு கலிஃபோர்னியா போய், படித்து, அங்கேயே வேலையிலும் சேர்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். நீங்கள் எடுத்தவுடன் "மீனும்மா, டவுனா?" என்பீர்கள். அந்தப் பக்கம் அவள் சிரிப்பது எனக்கே கேட்கும்.

கடைசியாக ஆஸ்பத்திரியில், குழாய்களுக்கு நடுவே படுத்துக் கிடந்தீர்கள். அவள் விமானம் பிடித்து வந்துகொண்டிருந்தாள். உங்களைச் சிரிக்கவைப்பது என் வேலையாயிற்றே. "என்ன அத்தான், போதும் படுத்தது, வீட்டுக்குக் கெளம்புவோமா?" என்றேன். கண்ணைத் திறக்காமலே "ஐம் டவுன், மாப்ள" என்றீர்கள். அது இங்கிலீஷா, நம் இங்கிலீஷா என்று நான் கேட்கவில்லை. அவள் வந்து உங்கள் கையைப் பிடிக்கிற வரைக்கும் இருந்தீர்கள். அது போதும் எனக்கு.

பஸ்ஸை எப்போதோ கொடுத்துவிட்டோம். அன்றைக்கு நீங்களும் மீனுவும் அந்தப் படுக்கையைத் திரும்பப் பூட்டியபோது ஒரு போல்ட்டு மிஞ்சிப்போனது. எங்கே போட வேண்டியது என்று ரெண்டு பேருக்கும் தெரியவில்லை. என்னிடம் கொடுத்தீர்கள். என் சாவிக்கொத்தில் கிடக்கிறது. சட்டைப்பை ஓட்டையாகிறது, வேறொன்றும் உபயோகம் இல்லை.

நாம் கிளம்பின காலை உங்களுக்கு நினைவிருக்கும், என் பங்கு மட்டும் தெரிந்திருக்காது. அக்கா பின்னால் என் பெஞ்சில் படுத்துத் தூங்கிவிட்டாள். மீனு முன்னால் மேப்போடு உட்கார்ந்து, ஃப்ரீவேயில் போகக் கூடாது, கரையோர ரோட்டில்தான் போக வேண்டும் என்று உங்களோடு வாதாடிக்கொண்டிருந்தாள். நீங்களும் விடவில்லை. அவள் இங்கிலீஷில், நீங்கள் தமிழில், ரெண்டு பேரும் ஒரே நேரத்தில். பின்னால் எடுக்க வழி சொல்வதற்காக நான் கீழே இறங்கினேன். வா வா, ஒடி, இன்னும் ஒடி என்றேன். வண்டி நேரானதும் விலாவில் ரெண்டு தட்டு தட்டி, "போலாம், ரைட்!" என்றேன்.

போய்விட்டீர்கள். கை தட்டிக் கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பீர்கள், நான் கூப்பிடவில்லை.

டெலவேர் பாலத்தில் காபிக்குக் கையைப் பின்னால் நீட்டினபோதுதான் நான் இல்லை என்பது தெரிந்ததாம். நான் ஓட்டலைத் திறந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வெங்காயம் நறுக்கினேன்.