வெந்தயம் குடித்த கிழமை

நேற்று ரொக்ஸ்பரோ ரயிலடிக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் யாரோ சூடான ரொட்டிக்கு மேலே மேப்பிள் பாணியை ஊற்றினார்கள். இந்த ஊர்க்காரருக்கு அந்த வாசம் வந்தால் பனி கரைகிற காலம் நினைவுக்கு வருமாம். எனக்கு உன் வேர்வைதான் நினைவுக்கு வந்தது. கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

புவாண்ட்-கிளேரில் நாங்கள் பெட்டி அடுக்கிய பண்டகசாலையை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேர் வந்து எங்கள் முன்னால் நின்றார்கள்: முதலாளி, தமிழ்ச் சங்கத் தலைவர், பக்கத்துச் சுகாதார நிலையத்து நர்ஸ். உங்களுக்குப் பகலில் டொக்டரிடம் போக நேரமில்லை, போனாலும் பாஷை தெரியாது, அதனால் மூன்று தரப்பும் கைகோத்து வைத்தியத்தையே இங்கே கொண்டுவருகிறோம் என்றார்கள். வருகிற வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் இரத்தத்தில் சீனியும் பிறசரும் பார்ப்பார்களாம். தலைவர் கைதட்டினார். நாங்களும் தட்டினோம். நீ கையைக் கட்டிக்கொண்டு இருந்தாய்.

"இவனுக்கு என்னகா திடீரெண்டு எங்கட உடம்பில அக்கறை? போன விண்டருக்கு ஹீட்டர் போடச் சொல்லிக் கேட்டதுக்கு, கோட்டைப் போட்டுட்டு வேலை செய்யச் சொன்னவன்."

"நல்லதுக்குத்தானேயடி செய்யினம்" என்றேன்.

"செய்யட்டும். அவன் ஏன் பக்கத்தில நிண்டு பாக்கோணும்?"

இழுப்பு வந்த ஒருத்தியை, வீட்டில் ஆறுதலாக இருங்கள் என்று இனிக்க இனிக்கச் சொல்லி வேலையை விட்டு நிரந்தரமாக அனுப்பியவர்தான் எங்கள் முதலாளி. வேலை போனால் எங்களுக்கு அது கஷ்டம். உனக்கு அது மகன். மட்டக்களப்பில் வளர்ந்த ஆண்பிள்ளையை, பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று, வீட்டில் வைத்திருக்கத் தாய்மார் நடுங்கிய காலம் அது. உன் பிள்ளை மாமன் வீட்டில் ஒளிந்து கிடந்தான். சம்பளம் ஒழுங்காக வந்தால்தான் அவனை இங்கே கூப்பிடலாம். தாய் வருத்தக்காரி என்று தெரிந்தால் பிள்ளைக்கு விசா கொடுக்கமாட்டார்கள் என்றும் நீயாக ஒன்றை நம்பி வைத்திருந்தாய். அப்படி ஒரு சட்டமும் இல்லையடி என்று எத்தனையோ தரம் சொன்னேன். சோதனைச் சாவடிகளைத் தாண்டி வந்தவளுக்கு நான் சொல்வதா பெரிது?

"ஒருத்திக்கும் சீனி கூடப்படா" என்று நீ கட்டளை போட்டாய். அந்தக் கிழமை முழுக்க எங்கள் வரிசையில் சோறு இல்லை. பாவற்காய்ச் சம்பல், ஊறவைத்த வெந்தயத் தண்ணீர். மட்டக்களப்பாள் சொல்லி யாழ்ப்பாணத்தாள் கேட்டது அந்த ஒரு முறைதான் என்று நீ பிறகு சொல்லிச் சிரிப்பாய். வெள்ளிக்கிழமை காலையில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் போய் வரிசையில் நின்றோம்.

மாலை வகுப்பில் கொஞ்சம் பிரெஞ்சு படித்திருந்ததால் மொழிபெயர்க்க என்னை நர்சுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். முதல் ஆளின் விரலைப் பிடித்தவள் மணந்து பார்த்தாள். மேப்பிள் பாணி குடித்துவிட்டு வந்தாயா என்று கேட்டாள். அடுத்தவளிடமும் அதே வாசம். அதற்கடுத்தவளிடமும். இவ்வளவு பாணி குடித்தவர்களுக்குச் சீனி எப்படி இவ்வளவு குறைவு என்று அவள் மெசினைத் தட்டிப் பார்த்தாள். வெந்தயம் வேர்வையில் அப்படி மணக்கும் என்பது எங்களுக்கும் தெரியாது. அதற்குள் வரிசையில் ஒருத்தி தலைசுற்றித் தரையில் இருந்துவிட்டாள். நர்ஸ் ஊசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? உண்மையைச் சொல்."

நான் உன்னைப் பார்த்தேன்.

"ஒண்டும் திண்ணல்ல எண்டு சொல்லு" என்றாய். "சொல்லிப்போட்டு, அவட தோளுக்கு மேலால எங்கட சீனியை ஏன் அவன் எட்டிப் பாக்கான் எண்டும் கேளு."

முதலாளி நர்சுக்குப் பின்னால்தான் நின்றார். கேட்டேன். யார் யாருக்கு என்ன வருத்தம் என்று தெரிந்தால்தானே இலேசான வேலை கொடுக்கலாம், சங்கத்தோடு பேசியதுதான் என்று அவர் சிரித்தார். தலைவர் கூரையைப் பார்த்தார். நர்ஸ் முகம் சிவந்து, அவரை வெளியே போகச் சொன்னாள். அவர் போகவில்லை. அவள் மெசினைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டாள். தனக்கு அதுவரை ஒன்றும் தெரியாது என்றுதான் சொன்னாள். அதை முழுதாக நம்ப இன்றைக்கும் எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகுதான் சோதனை கோயில் மண்டபத்துக்கு மாறியது. ஞாயிற்றுக்கிழமை, மறைப்புச் சீலை, முதலாளிக்கு உள்ளே இடமில்லை. செலவில் கொஞ்சம் அவர் கொடுத்தார், படத்தில் நடுவில் நின்றார். போகட்டும். உன் வாயால்தான் அத்தனை பேர் பயமில்லாமல் விரலை நீட்டினார்கள்.

நீயும் நீட்டினாய். உனக்கு எப்போதும் நல்ல கணக்கே வந்தது. சாப்பிட்டாயா என்று நர்ஸ் கேட்பாள். "இடியப்பமும் சொதியும் எண்டு சொல்லுகா" என்பாய். ஆஸ்பத்திரிக்குப் போய் ஒழுங்காக இரத்தம் கொடு என்றால் "மறுகா போவம்" என்பாய். அந்த மறுகா வரவேயில்லை.

மகன் வந்து இறங்கிய அடுத்த ஞாயிறு, வயிறாரச் சோறு சாப்பிட்டுவிட்டு வந்து இருந்தாய். மெசினில் வந்த கணக்கைப் பார்த்து நர்ஸ் வாயைப் பொத்தினாள். அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஊரே சோறு தின்னத் தொடங்கிய பிறகும் நீ ஒருத்தி, மகன் வரும்வரை, ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் பட்டினி கிடந்திருக்கிறாய். மற்றவர்களுக்கு நீயே கட்டுவித்த அந்த மறைப்புச் சீலையை நீ மட்டும் நம்பவில்லை. அதற்குள் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. கட்டிலில் கிடந்துகொண்டு, "அவன் வந்து சேந்திட்டான்தானே, இனி மெசின் என்ன சொன்னா எனக்கென்ன" என்றாய். உன்னில் எனக்கு வந்த கோபம் நீ போய்ச் சேர்ந்த பிறகும் தீரவில்லை. என்னிடமாவது சொல்லியிருக்கலாம்.

இப்போது கோயில் மண்டபத்துச் சோதனை மேசையில் நான்தான் இருக்கிறேன். லொங்குய்யில் சுகாதார நிலையத்தாரும் சங்கத்தாரும் கூட்டம் வைத்து, சமூகத்தின் நம்பிக்கையை வென்றுவிட்டோம் என்று பேசுகிறார்கள். எனக்குக் கைதட்ட வருவதில்லை. எனக்கு அவர்களிலும் நம்பிக்கையில்லை, வரிசையில் நிற்பவர்களிலும் இல்லை.

போன ஞாயிறு புதிதாக ஒரு பிள்ளை வந்தாள். சாப்பிட்டீரா என்றேன். ஓம், புட்டு என்றாள். என்ன கறியோடு என்றேன். கொஞ்சம் யோசித்தாள்.

"ஆரைக் கூப்பிட இருக்கிறீர்?" என்று கேட்டேன்.

அவள் கண் கலங்கியது. "அவரை, அக்கா" என்றாள்.

நர்சை ஊசியைக் கீழே வைக்கச் சொன்னேன். மடப்பள்ளியில் சோறு வாங்கி அவள் முன்னால் வைத்துவிட்டு, கடைசி வாய் உள்ளே போகும்வரை கண்ணெடுக்காமல் பக்கத்திலேயே இருந்தேன்.