கரைவலையில் சிந்திய மீன்

சனிக்கிழமை, இரவு.

காலையில் சாய்ந்தமருதுக் கடற்கரைக்கு மீன் வாங்கப் போனேன். கரைவலை இழுத்ததும் மணலில் சிந்தும் மீனை வசதியில்லாத வீட்டுப் பெண்கள் பொறுக்கிக்கொள்வார்கள். யாரும் தடுப்பதில்லை. இன்று வலைக்கார முதலாளி, குனிந்து பொறுக்கிய கதீசா ராத்தாவின் கையைச் செருப்புக் காலால் மிதித்தார். மிதித்தபடியே போனில் கதைத்தார்.

அவர் காலை எடுத்ததும் ராத்தா சொன்னாள்: "குறை நினைக்காதீங்க முதலாளி, உங்கட செருப்புல செதில் ஒட்டிட்டு."

முந்தானையால் துடைத்தும் விட்டாள்.

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், உங்களுக்கு நல்லதாப் பார்த்துத் தாறன்."

"ஓம்" என்றேன்.

பகல் சாப்பாட்டுக்கு அந்த மீனைத்தான் ஆணம் காய்ச்சினேன். வீட்டில் எல்லாரும் நல்ல ருசி என்றார்கள். மிச்சம் சட்டியில் இருக்கிறது. நாளைக்கும் வரும்.