ஆட்சேபணை இல்லை, ஆனா

மாப்ள,

இன்று காலை பாஸ்போர்ட் நகல் தேடி ஃபைலைக் கிளறியபோது நீ டைப் அடித்துத் தந்த பழைய கடிதம் ஒன்று கையில் சிக்கியது. என் மகள் எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தோடு மஸ்கட் சுற்றுலா போனாளே, அதற்கு எழுதியது. 'என் மகள் செல்வதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.' கீழே என் கையெழுத்து. தாள் பழுத்துவிட்டது, நீ விடும் மார்ஜின் மட்டும் அப்படியே நேராக நிற்கிறது.

இந்த வளைகுடா ஊரில் எதற்குத்தான் என்ஓசி இல்லை? வேலை மாற, லைசென்ஸ் எடுக்க, எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவர் 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதித் தரவேண்டும். சத்வாவில் இரண்டு தையல் கடைகளுக்கு நடுவே இருந்த டைப்பிங் சென்டரில் உட்கார்ந்து நாள் முழுக்க நீ அதைத்தான் அடித்தாய். ஆள் இல்லாத நேரத்தில் என்ன படித்தாய்? அமெரிக்கக் கோர்ட்டுத் தீர்ப்புகள்! மதுரையில் சட்டம் படித்துவிட்டு, கறுப்புக் கோட்டு போடாமலே விமானம் ஏறியவனுக்கு அப்படியொரு கிறுக்கு.

லீவு நாளில் கஃபெடீரியாவில் கடக் சாயாவை வைத்துக்கொண்டு அமெரிக்காவின் பேச்சுரிமைச் சட்டத்தை நீ எனக்குப் பாடம் எடுத்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது. ஒரு தடவையாவது உருப்படியாக முடித்தாயா?

"அங்க மாலுக்குள்ள நின்னு கத்தலாமாடா?" என்று கேட்டேன்.

"மால்காரன் வெளிய போன்னு சொல்லலாம் மாப்ள. அந்தச் சட்டம் கட்டிப்போடுறது அரசாங்கத்தத்தான், மால்காரன இல்ல."

"அப்ப ரோட்டோரத்துல?"

"தாராளமா. ஆனா ரோட்ட மறிக்கணும், மைக் வைக்கணும்னா பர்மிஷன் கேப்பான். எங்க, எப்ப, எவ்வளவு சத்தம்னு கேக்கலாம். என்ன பேசப்போறன்னு மட்டும் கேக்கக் கூடாது. ஆனா..."

"இந்த ஆனாவ விட்டுத் தொலைடா!"

"ஆனா இல்லாத உரிமை எங்கயும் கிடையாது மாப்ள" என்று சிரித்தாய்.

உனக்கென்ன, சிரித்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாய். நான்தான் இங்கே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். என் மகள் இப்போது அமெரிக்காவில் மேல்படிப்புப் படிக்கிறாள். அவளோடு படிக்கும் ஒரு பையன் ஏதோ கூட்டத்தில் பேசினான் என்று அவனைப் பல்கலைக்கழகம் சஸ்பெண்ட் செய்துவிட்டதாம். அவனுக்காக மாணவர்கள் சனிக்கிழமை கூடுகிறார்கள். இவளும் பேசப் போகிறாளாம். போன வாரம் போனில் சொன்னாள். என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா?

"காலேஜ்ல என்ஓசி வாங்கிட்டியாம்மா?"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அப்பா! பேசறதுக்கு யாராவது என்ஓசி வாங்குவாங்களா? மைக்குக்கு மட்டும் பர்மிஷன் எடுத்திருக்கோம்."

உன் மானத்தைக் காப்பாற்ற வேண்டாமா? உடனே கேட்டேன்: "அரசாங்க யுனிவர்சிட்டியா, தனியாரா?" ஸ்டேட் யுனிவர்சிட்டி என்றாள். அப்படியானால் அந்தச் சட்டம் அவர்களைக் கட்டும் என்று பெரிய வக்கீல் மாதிரி சொன்னேன். "இதெல்லாம் உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றாள். ஒரு நிமிடம் எனக்கே பெருமையாக இருந்தது.

பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. "ஆனா அப்பா, நான் வீசாலதான இருக்கேன்? ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சிட்டிசன்ஸ். எனக்கும் அதே ரைட்ஸ் இருக்கா?"

சிட்டிசன் இல்லாதவர்களைப் பற்றி நானும் உன்னிடம் ஒருநாள் கேட்டேனே மாப்ள! உன் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டுதான் கேட்டேன். "இருக்கு. மக்கள்னுதான் எழுதியிருக்கான், குடிமக்கள்னு எழுதல" என்றாய். கண்ணாடியைக் கழற்றினாய். "ஆனா..." என்று ஆரம்பித்தாய். அதற்குள் "பாய், ஜல்தி!" என்று ஒருத்தன் வீசா பேப்பரை நீட்டினான். நீ கீபோர்டு பக்கம் திரும்பினாய். எனக்கும் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. அடுத்த வாரம் நீ இல்லை. உன்னை வைத்த பெட்டியை ஊருக்கு அனுப்பவும் ஒரு என்ஓசி வேண்டியிருந்தது, அதை வேறொருவன் டைப் அடித்தான். மார்ஜின் கோணல். பார்த்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பாய்.

அந்த ஆனாவுக்குப் பின்னால் என்ன சொல்ல வந்தாய்? பேசலாம், ஆனால் வீசாவை ரத்து செய்வார்கள் என்றா? செய்தால் கோர்ட்டுக்குப் போகலாம் என்றா? போனில் தேடினேன், ஒருவர் ஆம் என்கிறார், ஒருவர் இல்லை என்கிறார். அவளைப் போகாதே என்று சொல்ல நாக்கு எழவில்லை. போ என்று சொல்லவும் தைரியம் இல்லை. தலையைக் குனிந்து வேலையைப் பார்த்து, யார் வம்புக்கும் போகாமல் இத்தனை வருடம் நான் இங்கே ஓட்டியது அவள் படிக்கத்தான். படித்துவிட்டு அவள் இன்னொருவனுக்காக எழுந்து நிற்கிறாள். இது எனக்குப் பெருமையா பயமா என்றே பிடிபடவில்லை.

அதனால்தான் காலையில் அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பிவிட்டேன். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. அனுப்பிய கையோடு அழித்துவிடலாமா என்றும் பார்த்தேன். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

சாயங்காலம் அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அப்பா, நான் உங்ககிட்ட என்ஓசி கேக்கவே இல்லையே. பயமா இருக்குன்னு சொல்லத்தான் அன்னிக்கிக் கூப்பிட்டேன்." பிறகு, "ஆனா பிரிண்ட் எடுத்து பேக்ல வச்சுக்கிட்டேன்பா."

உன்னுடைய ஒரு ஆனா அவளுக்குக் கிடைத்துவிட்டது. எனக்குச் சேரவேண்டியது பாதியில் நிற்கிறது. சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அந்த ஜல்திக்காரனைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, அந்த வாக்கியத்தை முடித்திருக்கக் கூடாதாடா?