பவர் பட்டனில் காய்ந்த சந்தனம்

உழவர்கரை, புதுச்சேரி
26.10.2025, ஞாயிறு

தம்பி நிலவனுக்கு,

அண்ணன் வெற்றிச்செல்வன் எழுதுவது. இங்கே அம்மா, நான், உன் அண்ணி கலைவாணி மூன்று பேரும் உடம்புக்குக் குறை இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் சரிதாவும் எப்படி என்று கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்பதை முந்தாநாள் கண்ணாலேயே பார்த்துவிட்டேன், எங்கே பார்த்தேன் என்று பிறகு சொல்கிறேன். என் எண்ணை நீ பிளாக் செய்து இரண்டு வருடம் ஆகப்போகிறது, அதனால்தான் பேப்பரும் பேனாவும். பிரான்ஸ் முகவரி, போன தை மாதம் நீ அம்மாவுக்குப் போன் அனுப்பிய பார்சல் அட்டையில் இருந்தது. அப்பா இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை அவர் எழுதியிருக்க வேண்டும். மில் வேலை போன மறு வருடமே அவர் போனபோது உனக்குப் பத்து வயது, எனக்குப் பதினெட்டு, உன் ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்து போடும் கோட்டில் அன்றிலிருந்து நான்தான் போட்டேன், அந்த உரிமையில் எழுதுகிறேன். பாதியில் கிழித்துப் போடாமல் படி, கடைசியில் உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

விஷயம் அம்மாவின் போன். ஆயுதபூஜை அன்று வழக்கம்போல அம்மா வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பினாள், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, அரிவாள்மணை, என் மல்ட்டி மீட்டர், ஸ்க்ரூடிரைவர் செட், எல்லாவற்றுக்கும் நடுவில் நீ அனுப்பிய போன். மற்றதுக்கெல்லாம் ஒரு பொட்டு, போனுக்கு மட்டும் பன்னீரில் குழைத்த சந்தனத்தை நாலு பக்கமும் தீற்றிவிட்டாள். ஏன் என்று கலைவாணி கேட்டதற்கு, “தொலைவுல இருக்கிற புள்ள வாங்கிக் குடுத்தது, இதுக்குப் போயி கணக்குப் பாக்கச் சொல்றியா” என்றாளாம். மறுநாள் விஜயதசமி காலையில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தால் போன் எழும்பவில்லை, கம்பெனி பெயர் வருகிறது, ஒரு அதிர்வு, இருட்டு, மறுபடி கம்பெனி பெயர். நாள் முழுக்க அதே. பன்னிரண்டு நாள் என்னிடம் சொல்லவே இல்லை, நான் கத்துவேன் என்று பயம். கத்தியிருப்பேன், உண்மைதான். எதிர்வீட்டுக் கொளஞ்சி அக்கா அரிசி டப்பாவில் புதைத்து வைக்கச் சொல்லி, வைத்து, பிறகு இருவரும் பஸ் ஏறிப் போய் ஒரு கடையில் கொடுத்து, கடைக்காரன் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு போர்டு செத்துப்போச்சு, புதுசு வாங்கிக்கோங்கம்மா என்று திருப்பிக் கொடுத்த பிறகுதான் விஷயம் என் காதுக்கு வந்தது.

நானும் ஒன்றும் கிழித்துவிடவில்லை. டிப்ளமோ படித்தவன், பத்து வருடமாகத் தொழிற்பேட்டையில் யு.பி.எஸ். சர்வீஸ் செய்கிறவன், ஆனாலும் பத்து நாள் தப்பான இடத்திலேயே தேடினேன். வேறு சார்ஜர் போட்டேன், பேட்டரியை அளந்தேன், சாப்ட்வேர் கெட்டிருக்கும் என்று ரெக்கவரி மெனுவுக்குள் போனேன். மெனு வரும், எதையாவது தேர்ந்தெடுப்பதற்குள் அதுவே ரீபூட் என்பதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போய்விடும். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், அந்த மெனுவில் தேர்ந்தெடுப்பது பவர் பட்டன்தான், அதை யாராவது அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் மட்டும்தான் அப்படி நடக்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றிவிடலாமா என்று அம்மாவைக் கேட்டேன். “அதுல அவன் பேசுனதெல்லாம் இருக்குடா, தொட்டியோ பாத்துக்க” என்றாள். சிம்மைக் கழற்றிப் பழைய பட்டன் போனில் போட்டுக் கொடுத்தேன். நீ வாட்ஸ்அப்பில் மட்டும்தான் பேசுவாய் என்பதால் அதில் உன் கால் வராது என்று அவளே முடிவு செய்துகொண்டாள். கலைவாணி தன் போனில் அம்மா எண்ணைப் போட்டு வாட்ஸ்அப் திறந்து தருகிறேன் என்றாள், அதற்கும் விடவில்லை, இங்கே திறந்தால் அங்கே இருப்பது போய்விடுமாம்.

இதற்கு நடுவில் தீபாவளி வந்து போனது. அன்று காலையிலிருந்து மாலை வரைக்கும் அம்மா அந்தச் செத்த போனை மடியிலேயே வைத்திருந்தாள். வடை கொடுக்க வந்த கொளஞ்சி அக்காவிடம், “எம்புள்ள அங்க போட்டுப் போட்டுப் பாத்துத் துடிச்சிக்கினு இருப்பான், இது கருமம் தொறக்க மாட்டேங்குது” என்றாள். அந்தக்கா சும்மா இருக்காமல், “பெரியவன் போனுக்குப் போடலாமில்ல” என்று கேட்டுவிட்டது. அதற்கு அம்மா என்னைக் காட்டி, “தோ நிக்கிறானே, இவன் வாய்க்கு எவன் போடுவான். வந்த புள்ளைய வெரட்டிவுட்டவன் இவன்தான்” என்றாள். அவள் சொல்வது நீ என்னைப் பிளாக் செய்யக் காரணமான அந்த நாளை. நீ கல்யாணம் முடிந்து முதல் தடவை ஊருக்கு வந்து பன்னிரண்டு நாள் இருந்தாய், அதில் பத்து நாள் டவுனில் மாமனார் வீட்டில், அம்மாவுக்கு இரண்டு மத்தியானம். இரண்டாவது மத்தியானம் நீ நாற்காலி நுனியில் உட்கார்ந்து மணி பார்த்துக்கொண்டிருந்தபோது நான் கலைவாணியைக் கூப்பிட்டு விருந்தாளிக்கு டீ போடு என்று சொன்னேன். சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை, சரிதா முன்னால் சொன்னது தப்பு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள், மழை வேறு, தெருவெல்லாம் தண்ணீர். போனை விளக்கடியில் வைத்துப் புரட்டும்போது பவர் பட்டனில் விரல் பட்டது, அழுந்தவே இல்லை, ஏற்கெனவே உள்ளே போய் நின்றிருந்தது. அதன் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு. சந்தனம் இடுக்கில் இறங்கி சிமெண்ட் மாதிரிக் காய்ந்திருக்கிறது. போர்டு துடைக்கிற ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் சுரண்டி, பத்து நிமிஷத்தில் பட்டன் டக்கென்று மேலே வந்தது. போன் எழுந்தது. முழுசாக, ஒரு குறையும் இல்லாமல். அம்மா வந்ததும் கையில் கொடுத்து அவள் முகத்தைப் பார்க்கலாம் என்று வைஃபையைப் போட்டேன்.

இருபத்து மூன்று நாள் அடைபட்டிருந்ததெல்லாம் கொட்டியது. நானூற்றுச் சொச்சம் செய்தி. கோயில் குரூப், கேஸ் ஏஜென்சி, கொளஞ்சி அக்கா அனுப்பிய காலை வணக்கப் பூ மட்டும் நாற்பது இருக்கும். உன் பெயரில் ஒன்றும் இல்லை. கால் வந்த பட்டியலைத் திறந்தேன், அதிலும் நீ இல்லை. நான் மீட்டர் பார்த்துப் பழகியவன், சைபர் காட்டினால் உடனே நம்ப மாட்டேன், முனையை எடுத்து மறுபடி வைத்துப் பார்ப்பேன். போனை அணைத்துப் போட்டேன். வைஃபையை விட்டு என் போனிலிருந்து நெட் கொடுத்தேன். கால் மணி நேரம் காத்திருந்தேன். கொளஞ்சி அக்காவிடமிருந்து இன்னொரு பூ வந்தது. உனக்குத்தான் ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஒரு நிமிஷம் பயந்தேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. பிறகு உன் படத்தைத் தொட்டுப் பெரிதாக்கினேன். பட்டு வேட்டி, பக்கத்தில் சரிதா, அங்கே வந்திருக்கிற மாமனார், மாமியார், மேஜை நிறைய பலகாரம், பின்னால் சுவரில் ஹேப்பி தீபாவளி என்று தொங்குகிறது. உங்கள் நலம் எனக்குத் தெரிந்தது இப்படித்தான். ஷிப்ட், குளிர், வேலை என்று நீ சொல்வாய், படம் மாற்ற நேரம் இருந்திருக்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். போன் நிற்பதற்கு முன்னால் அம்மா உனக்குப் பதினோரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள், ஆகஸ்டிலிருந்து. நீ அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறாய், ஒன்றிரண்டுக்குக் கட்டைவிரலும் போட்டிருக்கிறாய், ஆனால் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பக்கத்தில் இருக்கிற மைக் படம் நீலமாகியிருக்கும், பதினொன்றும் சாம்பல் நிறத்தில் அப்படியே இருக்கிறது. அம்மாவுக்கு அது தெரியாது, கட்டைவிரலைப் பார்த்து நீ கேட்டுவிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். எடுத்துப் பார்க்கும்போது விரல் பட்டு ஒன்று ஓடிவிட்டது. அதில் அம்மா கலைவாணிக்கு மூன்று மாதம் என்று உனக்குச் சொல்கிறாள். நீ சித்தப்பா ஆகப்போகிறாய், அண்ணனிடம் நீயாகப் பேசிவிடு, அவன் வாய்தான் அப்படி என்கிறாள். நீ பதிலே சொல்லாததை நான் இத்தனை நாள் திமிர் என்று நினைத்திருந்தேன், உனக்கு விஷயமே தெரியாது என்பது அதைவிட மோசமாக இருக்கிறது. கலைவாணிக்கு இப்போது ஆறாவது மாதம். மற்றப் பத்தையும் நான் கேட்கவில்லை, எனக்கு அனுப்பியது இல்லை.

வாசலில் அம்மா செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்டதும் போனை அணைத்துவிட்டேன். ஏன் என்று யோசித்துச் செய்யவில்லை, கை செய்துவிட்டது. “வந்துச்சாடா” என்று கேட்டாள். இல்லம்மா, போர்டு போயிடுச்சி போல, கடைக்காரன் சொன்னது சரிதான் என்றேன். உள்ளதை உள்ளபடி மூஞ்சிக்கு நேராகச் சொல்கிறவன் என்று நம் சொந்தத்தில் எனக்குப் பெயர், அதை நம்பியே நாலு பேர் என்னிடம் பேசுவதில்லை. அம்மா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, “மூணு வருசம் இன்னாடா படிச்ச நீ. ஒரு போனத் தொறக்கத் தெரியல, நீதான் ஊர்ல இருக்கிற மிசினுக்கெல்லாம் வைத்தியம் பாக்குறியா” என்றாள். நேற்று கொளஞ்சி அக்காவிடமும் அதையே சொல்லி இருவரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். டவுனில் வேறு கடைக்குக் கொண்டுபோகிறேன் என்று கிளம்பினாள், அதனால் ஆபீஸில் ஒருவர் பார்க்கிறார் என்று சொல்லி வாங்கி என் லாக்கரில் வைக்கப்போகிறேன். எனக்கு ஒரு நாள் பொய் போதும் என்றுதான் தோன்றியது, ஆனால் இன்று காலை எழுந்து பார்த்தால் முன் அறையில் இருந்த தையல் மிஷினை அம்மாவும் கலைவாணியும் நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள், அந்த இடத்தில் கட்டில் போடவாம். என்ன இது என்று கேட்டேன். “இத்தன நாளு போன் போட்டு எடுக்கலன்னா அம்மாவுக்கு இன்னாமோன்னு பயந்து நேர்ல வந்துடுவான்டா, அவன் சின்ன வயசுலேருந்தே அப்பிடி” என்றாள். சரிதா டீ குடிக்க மாட்டாள் என்று காப்பித்தூள் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறாள். போன் வேலை செய்தபோது வாரத்துக்கு வாரம் நீ கூப்பிடவில்லை என்று முகம் தொங்கிக் கிடந்தவள், அது செத்ததிலிருந்து தெம்பாக இருக்கிறாள். இதற்கு மேல் இதைத் தள்ள முடியாது, கட்டில் போட்ட பிறகு நீ வராமல் இருந்தால் அதற்கு நான் எந்தப் போர்டு மேல் பழி போடுவது.

இப்போது உன் வேலை. நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை. கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன், அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடும். அன்று மதியம் மூன்று மணிக்குப் போன் சரியாகிவிட்டது என்று சொல்லி அம்மா கையில் கொடுப்பேன். மூன்றேகாலுக்குள் நீ கூப்பிட வேண்டும், வீடியோவில். உங்கள் ஊரில் இன்றுதான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள், பழைய நினைப்பில் தப்பு செய்யாதே, இங்கே மூன்று என்றால் அங்கே காலை பத்தரை. எடுத்ததும் எத்தனை தடவை போட்டேன் தெரியுமாம்மா என்று நீயே ஆரம்பித்துவிடு. லிஸ்டில் காணோமே என்று அவள் கேட்டால் ரிப்பேரில் அழிந்துவிட்டது என்று நான் சொல்லிக்கொள்கிறேன், ஒரு பொய் நான் சொல்லியாகிவிட்டது, அடுத்தது உன்னுடையது. வர முடியுமா முடியாதா என்பதையும் உன் வாயாலேயே சொல், நான் சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் உட்கார்ந்து பதினோரு வாய்ஸையும் கேட்டு முடி, அம்மா அதிலிருந்துதான் பேச்சை எடுப்பாள், நீ முழித்தால் கண்டுபிடித்துவிடுவாள். என் எண்ணைப் பிளாக்கிலிருந்து எடுக்கச் சொல்லி இதை எழுதவில்லை, அது உன் இஷ்டம்.

நீயும் சரிதாவும் நோய் நொடி இல்லாமல், நல்ல பெயரோடு, நிறைவாக இருங்கள். இதில் அம்மாவின் ஆசியும் சேர்ந்தது, கடிதம் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தால் அவளே இன்னும் பத்து வரி சொல்லியிருப்பாள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, உனக்குச் சின்ன வயதிலேயே காதில் சீழ் வரும்.

தேதியை மறக்காதே. மூன்றேகால் தாண்டியும் போன் அடிக்கவில்லை என்றால் அதை அவள் கையிலிருந்து வாங்கி, மறுபடி போர்டு போய்விட்டது, என்னால் முடியவில்லை என்று சொல்லிவிடுவேன். நம்பிவிடுவாள். என் வேலையைப் பற்றி என்ன சொன்னாலும் இப்போது நம்புகிறாள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
வெற்றிச்செல்வன்