மரக்கட்டையா, கறுப்பா

மார்ச் 4, செவ்வாய்

மழை. தபால்பெட்டியில் மஞ்சள் உறை. வந்துவிட்டது!!! பச்சை அட்டை. ஆயுதம் வாங்க அரசு தரும் அனுமதி. உள்ளே ஒரே ஒரு வரி: அரைத்தானியங்கி, .22. வேலைக்குப் போகும் ட்ராமில் மூன்று தரம் எடுத்துப் பார்த்தேன். எதிரே இருந்த பெண் ஏதோ காதல் கடிதம் என்று நினைத்திருப்பார்.

14 மாதம் துப்பாக்கிச் சுடும் கழகத்தில் வியாழன் தவறாமல் பயிற்சி. ஒரு தேர்வு. ஒரு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம். பிறகு அந்த அன்ட்ராக்குக்கு இன்னொரு அன்ட்ராக். எனக்கு 22, இந்த வயதுக்கு, மனநலச் சான்று கேட்காமல் தருவது .22 மட்டும். சின்னக் குண்டு. காகிதத்தில் ஓட்டை போடும். எனக்கு அது போதும்.

கையில் 1300. மூக்குக்கண்ணாடிக்கடைச் சம்பளத்தில் சேர்த்தது. இரும்புப் பெட்டி சட்டப்படி கட்டாயம், அதற்கு 430 போய்விட்டது. மிச்சம் 870.

அட்டவணை, ஏழாம் பதிப்பு:

தோளில் ஊன்றும் கட்டை நீல லாமினேட், தடித்த குழல். 1150. கனவு. பார்த்துப் பெருமூச்சு விட்டு மூடு.

கறுப்பு பிளாஸ்டிக் கட்டை. 520. தொலைநோக்கியும் வாங்கலாம், குண்டுக்கும் மிஞ்சும். 31 வீடியோ பார்த்தாயிற்று. 31 பேரும் சொல்வது: முதல் துப்பாக்கி என்றால் இதுதான். ஆசை ஆசை ஆசை.

வால்நட் மரக்கட்டை. 690. பழைய மேசை மாதிரி அழகு. ஆனால் உறையும் குண்டும் வாங்கினால் தொலைநோக்கிக்குக் காசில்லை.

மூன்றும் தொழிற்சாலையில் செய்து வருபவை. கழகத்தில் சிலர் கைவினைஞரிடம் சொல்லிச் செய்விக்கிறார்கள். அவர்கள் வேறு கிரகம்.

இணையக் குழுவில் கேட்டேன்: கறுப்பா மரமா? நாலு நிமிடத்தில் 26 பதில். 24 கறுப்பு. ஒருவன் "வில்லு வாங்கு" என்றான்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

சொன்னேன். சாப்பிடும்போது. புட்டும் மீன்குழம்பும்.

"அட்டை வந்திட்டுது அப்பா."

"ம்."

"சனிக்கிழமை கடைக்குப் போகவேணும். டெட்மோல்ட் பக்கம். பஸ்ஸில துப்பாக்கியோட வாறது கரைச்சல்."

அப்பா மீன்முள்ளை ஒவ்வொன்றாகக் கோப்பை ஓரத்தில் அடுக்கினார். பிறகு, "எத்தினை மணிக்கு?"

அவ்வளவுதான். வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான் கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து வியாழன்களில் நடக்கப் போவார், எங்கே என்று சொல்லமாட்டார். புதுவருட வெடி தொடங்கினால் குளியலறைக்குள் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு இருப்பார். இயக்கமும் ஆமியும் சுட்டுக்கொண்டிருந்த இடத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் வந்தவர். என் வயது.

எனக்கு நானே போட்ட விதி: அப்பா ஒரு தரம் வேண்டாம் என்றால் அட்டவணை அழியும். அட்டையைத் திருப்பிக் கொடுப்பேன். அழுவேன், ஆனால் கொடுப்பேன்.

மார்ச் 6, வியாழன்

பெட்டி வந்தது. வந்தது என்றால் தெருவோரம் வரை. 120 கிலோ. சாரதி கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார், ஒப்பந்தத்தில் நடைபாதை விளிம்பு வரை என்றுதான் இருக்கிறதாம். நாங்கள் இரண்டாம் மாடி. மழையில் பெட்டியும் நானும்.

அப்பா வேலையால் வந்தார். பார்த்தார். திரும்பப் போனார். அரை மணியில் அவருடைய சமையலறை அலுமாரித் தொழிற்சாலையிலிருந்து இரண்டு பேரும் தூக்குப் பட்டிகளும். மாடிக்கு ஏற்றி, என் அறைச் சுவரில் துளைத்து, நாலு ஆணியில் இறுக்கினார். நீர்மட்டம் வைத்துப் பார்த்தார். துப்பாக்கிப் பெட்டிக்கு நீர்மட்டம்!

பிறகு அம்மா. இவ்வளவு நாளும் "பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன துவக்கு" என்று இருந்தவ, கதவின் தடிப்பைத் தட்டிப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"உதுக்குள்ள என்ர தாலிக்கொடியையும் வைக்கலாம் என்ன?"

"வைக்கலாம்."

"அப்ப நம்பரைச் சொல்லு."

"சொல்ல ஏலாது அம்மா. எனக்கு மட்டும்தான் தெரியலாம். சட்டம்."

"பெத்த தாயிட்டச் சொல்லாத நம்பரோ! ஒன்பது மாசம் சுமக்கேக்க நான் உன்னட்ட நம்பர் கேட்டனோ?"

அப்பா துளைகருவியை மடித்துக்கொண்டே, "நகையை வங்கியில வையப்பா" என்றார். இன்று அவர் பேசிய முதல் வசனம். இரவுக்குள் கதவில் மூன்று திருநீற்றுக் குறி, நடுவில் சந்தனப் பொட்டு. பெட்டியைச் சோதிக்க அலுவலகத்திலிருந்து ஆள் வந்தால் என்ன சொல்வது??

பயிற்சிக்குப் போகவில்லை. அப்பாவும் நடக்கப் போகவில்லை.

மார்ச் 7, வெள்ளி

கடையில் வாடிக்கையாளருக்குக் கண்ணாடிச் சட்டம் தேர்ந்தெடுக்க உதவும்போது தீர்மானித்தேன். மெல்லிய கறுப்பு அவர் முகத்தில் கடுமையாக இருந்தது. பழுப்பு போட்டதும் மனிதர் தாத்தா மாதிரி ஆகிவிட்டார்.

ஆகவே மரம். கறுப்பு என்றால் செய்தியில் வருவது மாதிரி இருக்கும். மரம் என்றால் ஒரு தளபாடம். அப்பா வேலைசெய்வதும் மரத்தில். நான் சுத்தம் செய்யும்போது தற்செயலாகப் பார்த்தாலும் அவருக்கு ஒன்றும் செய்யாது. தொலைநோக்கி அடுத்த வருடம்.

குழுவில் அறிவித்தேன். 11 அழுகை முகம். பரவாயில்லை. எனக்கு மனம் நிறைந்திருக்கிறது. அப்பாவிடம் சொல்லவில்லை, கடையில் காட்டலாம்.

மார்ச் 8, சனி

எப்படி எழுதுவது.

காலை 10. தூறல். வழியில் அப்பா பழைய பாட்டு போட்டார், தானும் முணுமுணுத்தார். நல்ல சகுனம் என்று நினைத்தேன். கடையில் அவர் சுடுதண்ணிப் போத்தல் அடுக்கியிருந்த பக்கம் போய் மூடிகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கடைக்காரர் என் அட்டையைப் பார்த்தார், வால்நட்டை எடுத்துவந்து பச்சைத் துணியில் கிடத்தினார்.

"அப்பா, இஞ்ச வாங்கோ. வடிவோ?"

வந்தார். பார்த்தார். இரண்டு கையையும் ஜாக்கெட் பைக்குள் வைத்தார்.

"நான் காரில இருக்கிறன்."

கடைக்காரரிடம் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு ஓடினேன். அப்பா ஸ்டியரிங் பிடித்தபடி. எஞ்சின் ஓடவில்லை, ஆனால் கண்ணாடித் துடைப்பான் ஓடிக்கொண்டிருந்தது.

"சொறி அப்பா. வேண்டாம். நான் வாங்கேல்லை. உண்மையா."

"துவக்கு எண்டதுக்காக வெளியில வரேல்லை பிள்ளை." துடைப்பானை நிறுத்தினார். "நீ கறுப்பு எண்டெல்லோ அம்மாட்டச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனி?"

"கறுப்பு உங்களுக்குப் பயமா இருக்கும் எண்டு… மரம் எண்டா பரவாயில்லை எண்டு நினைச்சன். 170 கூட, ஆனா…"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கட ஊர் ஒழுங்கைக்க வந்ததெல்லாம் மரக்கட்டைதான் பிள்ளை. ஆமிக்காரன்ர SLRம் மரம், இயக்கப் பெடியள்ற AKயும் மரம். கன்னத்தில இடிச்சதும் மரம்."

அவர் இடது கன்ன எலும்பில் ஒரு பள்ளம் இருக்கிறது. சைக்கிளால் விழுந்தது என்று சின்ன வயதில் சொன்னார். நான் ஒருநாளும் திருப்பிக் கேட்கவில்லை. இணையத்தில் எல்லாம் தேடும் நான், இதை மட்டும் தேடவில்லை.

அழத் தொடங்கிவிட்டேன். அப்பா பதறிப்போனார்.

"ஏய், ஏய். விசரி. எனக்காண்டி எண்டு கூடக் காசு குடுத்துப் பயத்தை வாங்கப் பாத்தனியே?" சிரித்தார். உண்மையான சிரிப்பு. காரில் கிடந்த காகிதக் கைக்குட்டையை நீட்டினார். "வா. அந்தக் கறுப்பைக் காட்டு."

"உங்களுக்கு ஏலாட்டி வேண்டாம் அப்பா. ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, விடுறன்."

"உதைத்தான் ஒரு வருசத்துக்கு மேலா நடந்து நடந்து யோசிச்சனான். சொல்லுறது எண்டா எப்பவோ சொல்லியிருப்பன். வா."

கறுப்பைக் கடைக்காரர் வைத்தார். அப்பா முதலில் தொடவில்லை. பிறகு கட்டையின் இரண்டு பாதியும் சேரும் கோட்டில் பெருவிரலால் மெதுவாக ஒரு இழுவை, அலுமாரிக் கதவைச் சோதிப்பது மாதிரி.

"இடைவெளி ஒரே சீர். ஆரோ என்னை மாதிரி ஒராள் லைனில நிண்டு பூட்டியிருக்கிறான்." திருகாணிகளைப் பார்த்தார். "எங்கட திருகு மெசின் மாதிரித்தான் கிடக்கு. பிளாஸ்டிக்."

"ஓம் அப்பா."

"ஒருக்கா குண்டு போட்டா எத்தினை?"

"பத்து. போட்டிக்கு அதுக்கு மேல ஏலாது."

"பத்து," என்றார், தனக்குள்.

520. தொலைநோக்கி 180. பூட்டுப்போட்ட உறை, குண்டு, அப்பாவுக்குச் சுடுதண்ணிப் போத்தல். போத்தலுக்கு அவரே காசு கொடுத்துவிட்டார், விடவில்லை.

மார்ச் 13, வியாழன்

குளிர், வெயில். பதிவு முடிந்தது, அட்டையில் எண் ஏறியது. பெட்டி நம்பரை அம்மா இன்னும் ஊகித்துக்கொண்டிருக்கிறா. இன்று: தன் பிறந்தநாள். (இல்லை.) அப்பாவின் உண்மைப் பிறந்தநாள், பிறகு பாஸ்போர்ட்டில் இருக்கும் பிறந்தநாள். (இரண்டும் இல்லை!)

அப்பா கேட்காமலே சாவிக்கொளுவியிலிருந்து கார் திறப்பை எடுத்தார். "நான் வெளியில இருப்பன். நீ போய்ச் சுடு."

கழகம். பயிற்சி பார்க்கும் ஹைக்கே துப்பாக்கியைப் பார்த்து விசிலடித்தா. கறுப்பு என் தோளில், கனவைவிட இலேசாக. அரங்கில் வேறு யாரும் சுடவில்லை. பத்து குண்டு. மூச்சு. ஒன்று. இரண்டு. அவசரமில்லை. ஒன்பதாவது நேராக நடுவில்!!! பத்தாவதுக்கு விசையை இழுத்தேன்: கிளிக். வெடிக்கவில்லை. சொத்தைக் குண்டு. விதிப்படி குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு காத்திரு. காத்திருந்தேன். எடுத்துத் தனியே வைத்தேன்.

அப்போது ஹைக்கே தோளைத் தொட்டா. "அபி, உன் அப்பா வாசலில் நிற்கிறார். வெளிறிப்போய்."

துப்பாக்கியை வெறுமையாக்கி வைத்துவிட்டு ஓடினேன். சிவப்பு விளக்குக்குக் கீழே அப்பா. கையில் போத்தல் மூடி, தேத்தண்ணி பாதி சட்டையில்.

"ஒன்பதுதான் கேட்டது. மற்றது எங்க பிள்ளை?"

"அது வெடிக்கேல்லை அப்பா. பழுது. எனக்கு ஒண்டுமில்லை."

என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரல்களை எண்ணுவது மாதிரி.

"அப்ப இன்னும் ஒண்டு கிடக்கு."

"விடுங்கோ அப்பா, வீட்ட போவம்."

"இல்லை. முடிச்சிட்டு வா."

ஹைக்கே காதுக்காப்பு கொடுத்தா. உள்ளே வந்து பின்சுவரோடு நின்றார். ஒரே ஒரு குண்டு போட்டேன். சுடமுன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன்: அப்பா கண்ணை மூடியிருந்தார், காதுக்காப்பின் ஒரு பக்கத்தைக் கையால் தூக்கிப் பிடித்தபடி.

சுட்டேன்.

"பத்து," என்றார் அப்பா.