ஐந்தாம் துடுப்பில் நம் மகன்

கேம்பிரிட்ஜ், பிப்ரவரி 1943

அன்புள்ள வினிஃப்ரெட்,

நான் நலம், உன் மூட்டுவலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். நேற்று அலுவலகம் சீக்கிரம் முடிந்ததால் கல்லூரிப் படகுப் பந்தயம் பார்க்கப் போனேன். இதயம் பலவீனம் என்று ராணுவம் விலக்கிய நம் ஜெஃப்ரி, ஐந்தாம் துடுப்பில் இருந்தான். முன்னே செல்லும் படகை இடித்தால்தான் வெற்றி. நான்கே நிமிடத்தில் இடித்தார்கள். கரையேறியதும் சிரித்துக்கொண்டே மற்றவர்களோடு சேர்ந்து படகைத் தோளில் தூக்கினான்.

"டேய், நோஞ்சான் இதயத்தை வீட்லயே விட்டுட்டு வந்துட்டியா?" என்றான் சுக்கான் பிடித்தவன். என்னைக் கண்டதும் ஜெஃப்ரியின் முகம் வெளுத்தது.

"அப்பா, அதை அம்மாகிட்டயே கேட்டுக்குங்க."

இதயம் பலவீனம் என்ற சான்றிதழில் கையெழுத்திட்ட மருத்துவர் உன் அண்ணன். அவரிடம் நீ என்ன கேட்டாய்?

இங்கே அறை மிகவும் குளிர்கிறது. தடித்த காலுறைகள் அனுப்பு. திங்களன்று ராணுவ மருத்துவக் குழுவுக்கு எழுதவிருக்கிறேன். உன் பதில் அதற்கு முன் வரட்டும். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான்.

உன் கணவன்,
ஹ்யூபர்ட்